ஐஸ்லாந்து குரோனா: எல்லாரும் கேக்குற கேள்விங்க, ஒரே இடத்துல

ஐஸ்லாந்து பத்தி யார்கிட்ட பேச்சு ஆரம்பிச்சாலும் பாதி கேள்வி அவங்க காசு பத்தி வருது, மீதி பாதி "அந்த நாடு யாரு பக்கம்"னு வருது. கேக்குறவங்க ரெண்டையும் தனித்தனியா தான் கேக்குறாங்க. ஆனா பதில் சொல்ல உக்காந்தா குரோனாவ விட்டுட்டு அந்த நாட்டோட வெளியுறவ சொல்ல முடியல, வெளியுறவ விட்டுட்டு குரோனாவயும் சொல்ல முடியல. அதனால மொத்தமா எழுதி வச்சிடறேன், கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். ஈஸியானது மேல இருக்கு, போகப்போக கொஞ்சம் சிக்கலா இருக்கும்.

ஐஸ்லாந்து ஐரோப்பா தானே, அங்க யூரோ தானே ஓடும்?

ஐரோப்பா தான், ஆனா யூரோ இல்ல. அங்க குரோனா. வெளியிடறது ரெய்க்யவிக்ல இருக்குற ஐஸ்லாந்து மத்திய வங்கி, 1961ல ஆரம்பிச்சது. ஐரோப்பிய யூனியன்ல ஐஸ்லாந்து உறுப்பினரே இல்ல. டூரிஸ்ட் போற சில கடையில யூரோ, டாலர் வாங்கிப்பாங்க, அது கடைக்காரர் இஷ்டம், பாக்கிய குரோனாவுல தான் தருவாங்க.

யூனியன்ல இல்லன்னா ஷெங்கன் விசாவுல எப்படி உள்ள போக முடியுது? குழப்பமா இருக்கே

குழப்பம் நியாயமானது தான், ஏன்னா ஐரோப்பாவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா நாலஞ்சு வட்டம் இருக்கு, ஐஸ்லாந்து சிலதுல உள்ள, சிலதுல வெளிய. 1970ல எஃப்டாவுல சேந்தாங்க (ஐரோப்பிய சுதந்திர வர்த்தக கூட்டமைப்பு, இப்ப நார்வே, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் இருக்குறது). 1994 ஜனவரி 1ல இருந்து ஐரோப்பிய பொருளாதாரப் பகுதியில இருக்காங்க, அதாவது யூனியனோட ஒரே சந்தையில பொருள், சேவை, முதலீடு, ஆளுங்க எல்லாம் தடையில்லாம போய் வரலாம், அதுக்குப் பதிலா பிரஸ்ஸல்ஸ் (யூனியனோட தலைமையிடம்) ஒரே சந்தைக்காக போடற சட்டத்துல பெரும்பகுதிய ஐஸ்லாந்து தன் சட்டமா எடுத்துக்கணும். ஓட்டு மட்டும் கிடையாது. ஷெங்கன், அதாவது எல்லையில பாஸ்போர்ட் சோதனை இல்லாம நாடு தாண்டற ஏற்பாடு, 2001ல வந்துச்சு.

இந்த ஏற்பாட்டுக்கு வெளிய நிக்கிற முக்கியமான விஷயம் மூணு: விவசாயம், மீன்பிடி, கரன்சி. மீனை விட்டுக்கொடுக்க மாட்டோம்ங்கறது தான் அவங்க முழுசா சேராததுக்கு பெரிய காரணம், அந்த கதை கீழ வருது. இன்னொண்ணு, முதலீடு தடையில்லாம போய் வரலாம்னு சொன்னேன் பாருங்க, அத ஞாபகம் வச்சுக்கங்க, 2008 வரும்போது தேவைப்படும்.

ஒரு குரோனா நம்ம ரூபாயில எவ்ளோ?

ஒரு ரூபாய்க்கு சுமாரா ஒன்றரை குரோனா வரும், ஏறும் இறங்கும். கேக்க சீப்பா தெரியும், ஆனா அங்க எல்லா விலையும் நூறு ஆயிரம்னு தான் இருக்கும், ஊரே காஸ்ட்லி. நோட்டு 500, 1000, 2000, 5000, 10000. இதுல 2000 இப்ப அச்சடிக்கிறதில்ல. 10000 நோட்டு 2013ல வந்துச்சு. காசு 1, 5, 10, 50, 100, ஒவ்வொண்ணுலயும் ஒரு கடல் ஜீவன்: 1 குரோனாவுல காட் மீன், 5ல டால்ஃபின், 10ல சின்ன கேப்பலின் மீனுங்க, 50ல நண்டு, 100ல லம்ப் மீன். ராஜா தலை, தலைவர் தலை எதுவும் காசுல இல்ல, எது சோறு போட்டுச்சோ அது இருக்கு. எனக்கு ஐரோப்பாவுலயே ரொம்ப பிடிச்ச காசு செட் இது தான்.

போறதுக்கு முன்னாடி ஊர்லயே குரோனா மாத்திட்டு போயிடலாமா?

வேண்டாம். ஐஸ்லாந்துக்கு வெளிய குரோனா வச்சிருக்குற மணி சேஞ்சர் ரொம்ப கம்மி, இருந்தாலும் ரேட் மோசமா இருக்கும். அங்க கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் கார்டு தான். ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்ல பின் நம்பர் கேக்கும், அத மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. மீந்த நோட்ட கிளம்பறதுக்கு முன்னாடி அங்கயே மாத்திடுங்க, ஊருக்கு கொண்டு வந்தா அது வெறும் ஞாபகார்த்தம் தான்.

நாலு லட்சம் பேர் கூட இல்லாத நாட்டுக்கு எதுக்கு சார் தனி கரன்சி? நம்ம ஒரு முனிசிபாலிட்டி அளவு கூட வராதே

இந்த கேள்விய ஐஸ்லாந்துக்காரங்களே ஒருத்தர ஒருத்தர் தினம் கேட்டுக்கிறாங்க. வரலாறு சுருக்கமா: டென்மார்க் கீழ இருந்தாங்க, டேனிஷ் குரோனே தான் ஓடுச்சு, 1918ல இறையாண்மை கிடைச்சுது (ராஜா மட்டும் ரெண்டு நாட்டுக்கும் ஒரே ஆள்), அதுக்கப்புறம் 1920கள்ல அவங்க குரோனா டேனிஷ் குரோனேல இருந்து பிரிஞ்சு தனி ரேட்ல போக ஆரம்பிச்சுது. 1944 ஜூன் 17ல குடியரசு. புது நாடுன்னா கொடி, பாஸ்போர்ட், கரன்சி எல்லாம் வேணும்ல, அந்த மனநிலை ஒண்ணு.

இன்னொரு காரணம் நிஜமான பொருளாதாரம். மீன் பாடு ஒரு வருஷம் படுத்துடுச்சுன்னு வைங்க, இல்ல வெளிநாட்டுல மீன் விலை விழுந்துடுச்சு. யூரோ மாதிரி கரன்சி இருந்தா கம்பெனி சம்பளத்த குறைக்கணும், இல்ல ஆளை அனுப்பணும். சொந்த கரன்சி இருந்தா குரோனா மதிப்பு விழும், இறக்குமதி பொருள் விலை ஏறும், ஒவ்வொருத்தர் சம்பளமும் சத்தமில்லாம கொஞ்சம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், ஆனா வேலை போகாது. ஆதரிக்கிறவங்க இத "அடி தாங்கி"ன்னு சொல்றாங்க. எதிர்க்கிறவங்க, பாதி அடியே இந்த குரோனாவால தான் வருதுங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை தான், அதனால தான் நூறு வருஷமா சண்டை முடியல.

ஒரு கணக்கு மட்டும்: பிரியும்போது ஒரு ஐஸ்லாந்து குரோனா ஒரு டேனிஷ் குரோனேவுக்கு சமமா இருந்துச்சு. இன்னைக்கு ஒரு டேனிஷ் குரோனேவுக்கு 18-20 குரோனா, அதுவும் நடுவுல ரெண்டு பூஜ்ஜியத்த வெட்டினதுக்கு அப்புறம்.

பூஜ்ஜியத்த வெட்டினாங்களா? எப்போ, எதுக்கு?

1981ல. பழைய 100 குரோனா புது 1 குரோனா. 1970கள் முழுக்க விலைவாசி கன்னாபின்னான்னு ஏறினதால நோட்டுல நம்பர் பெருசாகிட்டே போச்சு. வெட்டினா மட்டும் நோய் போயிடுமா, 1983ல பணவீக்கம் வருஷத்துக்கு 80 சதவீதத்த தாண்டிடுச்சு. மீன் கம்பெனிங்க கஷ்டத்துல இருக்குன்னு அரசாங்கம் குரோனா மதிப்ப இறக்கும், உடனே விலை ஏறும், தொழிற்சங்கக்காரங்க சம்பளம் கேப்பாங்க, குடுத்தா கம்பெனிங்களுக்கு மறுபடி கஷ்டம், மறுபடி இறக்கம். இந்த சுத்து 1990ல தொழிலாளர், முதலாளி, அரசாங்கம் மூணு பேரும் உக்காந்து போட்ட ஒரு பெரிய சம்பள ஒப்பந்தத்துல தான் அடங்குச்சு.

அங்க வீட்டு லோன் கட்டக் கட்ட அசல் ஏறும்னு ஒருத்தர் சொன்னார், கதை தானே?

கதை இல்ல. 1979ல ஒரு சட்டம் போட்டாங்க, கடனையும் சேமிப்பையும் விலைவாசி குறியீட்டோட கட்டி வைக்கலாம்னு. மேல சொன்ன மாதிரி பணவீக்கம் இருந்தா யாரு நீண்ட கால கடன் குடுப்பாங்க, குடுத்தவன் பணம் கரைஞ்சு போயிடுமே. அதனால நீங்க 2 கோடி குரோனா கடன் வாங்கி, அந்த வருஷம் விலைவாசி 10 சதவீதம் ஏறுச்சுன்னா, அசல் 2 கோடியே 20 லட்சம் ஆகும், நீங்க கட்டினது அதுல கழியும். வட்டி கம்மியா தெரியும், மாசத் தவணையும் தாங்கும், ஆனா பத்து வருஷம் கட்டிட்டு பாத்தா வாங்கினத விட பாக்கி அதிகமா நிக்கலாம்.

குறியீடு போடாத லோனும் உண்டு, அதுல வட்டி நேரா அடிக்கும். 2023 ஆகஸ்ட்ல இருந்து 2024 அக்டோபர் வரைக்கும் மத்திய வங்கியோட வட்டி 9.25 சதவீதம். அந்த நேரத்துல தவணை தாங்காம நிறைய பேர் மறுபடி குறியீட்டு லோனுக்கே ஓடினாங்க. இதுல இன்னொரு கூத்து, பெரிய மீன் கம்பெனிங்க கணக்கையே யூரோவுலயும் டாலர்லயும் எழுதலாம், சட்டம் அனுமதிக்குது. சம்பளக்காரர் மட்டும் குரோனாவுலயே மாட்டிக்கிட்டு இருக்கார். யூரோ வேணும்னு கேக்குறவங்களோட பலமான வாதம் இது தான்னு நான் நினைக்கிறேன்.

2008ல என்ன தான்யா நடந்துச்சு? ஷார்ட்டா சொல்லுங்க

ஷார்ட்டா சொல்ல வராது, ட்ரை பண்றேன். 2000களோட ஆரம்பத்துல அரசு பேங்குங்கள தனியாருக்கு வித்தாங்க. ஒரே சந்தைன்னு மேல சொன்னேன்ல, அத வச்சு லேண்ட்ஸ்பாங்கி, காப்திங், கிளிட்னிர்னு மூணு பேங்கும் ஐரோப்பா முழுக்க கடன் வாங்கி, கடன் குடுத்து, கம்பெனி வாங்கி ஊதிக்கிட்டே போச்சு. 2008ல பேங்குங்களோட சொத்து மதிப்பு நாட்டோட ஜிடிபிய (ஒரு வருஷ மொத்த உற்பத்தி) போல பத்து மடங்கு. அந்த பக்கம் வட்டி அதிகம்னு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் குரோனாவுல பணத்த கொட்டினாங்க, குரோனா செயற்கையா ஏறி நின்னுச்சு. மக்களும் சுவிஸ் பிராங்க்லயும் ஜப்பான் யென்லயும் வட்டி கம்மின்னு கார் லோன், வீட்டு லோன் எடுத்தாங்க.

லேமன்னு பெரிய அமெரிக்க பேங்க் விழுந்ததும் உலகத்துல யாரும் யாருக்கும் கடன் குடுக்கல. பேங்குக்கு திருப்பிக் கட்ட வேண்டியது யூரோ, டாலர், பவுண்டுல. மத்திய வங்கியால அச்சடிக்க முடிஞ்சது குரோனா மட்டும். விஷயமே இந்த ஒரு வரி தான். செப்டம்பர் கடைசியில கிளிட்னிர் சாஞ்சுது, அக்டோபர் 6ம் தேதி பிரதமர் கெய்ர் ஹார்டே டிவியில வந்து "கடவுள் ஐஸ்லாந்தை ஆசீர்வதிக்கட்டும்"னு முடிச்சார், அன்னைக்கு ராத்திரியே அவசர சட்டம், அந்த வாரத்துக்குள்ள மூணு பேங்கும் அரசாங்கத்து கையில. அக்டோபர் 7ம் தேதி மத்திய வங்கி ஒரு யூரோ 131 குரோனான்னு ரேட்ட பிடிச்சு நிறுத்தப் பாத்துச்சு, மறுநாளே விட்டுடுச்சு. வருஷ ஆரம்பத்துல ஒரு யூரோ 90 குரோனா கிட்ட இருந்துச்சு, வருஷ முடிவுல 170 கிட்ட. வெளிநாட்டு சந்தையில அத விட மோசம், ஐரோப்பிய மத்திய வங்கி 290ன்னு ஒரு ரேட் போட்டுட்டு டிசம்பர்ல இருந்து குரோனா ரேட் வெளியிடறதையே நிறுத்திடுச்சு.

சுவிஸ் பிராங்க் லோன் எடுத்தவங்க கடன் ராத்திரியோட ராத்திரியா ரெண்டு மடங்கு. 2010 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அந்த மாதிரி வெளிநாட்டு கரன்சி ரேட்டோட கட்டின லோன் சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்த பிறகு தான் அவங்களுக்கு மூச்சு வந்துச்சு. குறியீட்டு லோன்காரங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல, பணவீக்கம் 18 சதவீதத்த தாண்டினதுல அசல் ஏறினது ஏறினது தான்.

பிரிட்டன் ஐஸ்லாந்து மேல தீவிரவாத சட்டத்த பாய்ச்சினதா சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. லேண்ட்ஸ்பாங்கி பிரிட்டன்லயும் நெதர்லாந்துலயும் ஐஸ்சேவ்னு ஆன்லைன் சேமிப்பு கணக்கு நடத்துச்சு, நல்ல வட்டி, பிரிட்டன்ல மட்டும் சுமார் 3 லட்சம் பேர் பணம் போட்டிருந்தாங்க. தனி பிரிட்டிஷ் கம்பெனியா இல்லாம வெறும் கிளையா நடத்தினதால டெபாசிட் உத்தரவாதம் ஐஸ்லாந்தோட பொறுப்பு. பேங்க் விழுந்ததும் பிரிட்டன் பயந்துடுச்சு, அக்டோபர் 8ம் தேதி 2001ம் வருஷத்து தீவிரவாத எதிர்ப்பு சட்டத்த வச்சு லேண்ட்ஸ்பாங்கி சொத்த முடக்கிடுச்சு. பிரிட்டிஷ் நிதித்துறையோட தடைப் பட்டியல்ல அல் கொய்தா, தாலிபான் பேரோட லேண்ட்ஸ்பாங்கியும் வந்து நின்னுச்சு.

நேட்டோ ராணுவக் கூட்டணியில கூட்டாளி, சொந்த ராணுவமே இல்லாத நாடு, அத போய் இப்படி. அங்க ஜனங்க அட்டையில "நாங்க தீவிரவாதி இல்ல"ன்னு எழுதி குழந்தை குட்டியோட போட்டோ எடுத்து போட்டாங்க. பிரிட்டன் தரப்ப சொல்லணும்னா, அந்த சட்டத்துல நாட்டோட பொருளாதாரத்துக்கு ஆபத்து வந்தாலும் சொத்த முடக்கலாம்னு ஒரு பிரிவு இருக்கு, தீவிரவாதின்னு யாரும் தீர்ப்பு எழுதல. அப்படியே இருந்தாலும் பேர் கெட்டது கெட்டது தான், ஐஸ்லாந்து கம்பெனிங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வர்றதே கொஞ்ச நாள் தடுமாறுச்சு.

அப்போ ஐஸ்சேவ் பணத்த ஐஸ்லாந்து ஏமாத்திட்டாங்க தானே?

இல்ல, ஆனா "நாங்க மக்கள் வரிப் பணத்துல கட்ட மாட்டோம்"னு சொன்னாங்க. பிரிட்டனும் நெதர்லாந்தும் தங்களோட ஊர் ஆளுங்களுக்கு முதல்ல குடுத்துட்டு, பில்ல ஐஸ்லாந்துக்கு அனுப்புச்சு. ஐஸ்லாந்து பார்லிமென்ட் ஒத்துக்கிட்டு சட்டம் போட்டுச்சு, ஜனாதிபதி ஓலாவுர் ராக்னார் கிரிம்சன் கையெழுத்து போட மாட்டேன்னுட்டார், அப்படின்னா மக்கள் ஓட்டுக்கு போகணும். 2010 மார்ச்ல ஓட்டு போட்டவங்கள்ல 93 சதவீதம் வேண்டாம்னாங்க. வட்டிய குறைச்சு புது ஒப்பந்தம் வந்துச்சு, அவர் மறுபடி கையெழுத்து போடல, 2011 ஏப்ரல்ல 60 சதவீதம் கிட்ட மறுபடி வேண்டாம்.

கேஸ் எஃப்டா நாடுங்களுக்கான எஃப்டா கோர்ட்டுக்கு போச்சு. 2013 ஜனவரி 28ல தீர்ப்பு ஐஸ்லாந்து பக்கம்: நாடே முழுசா விழற மாதிரி நெருக்கடியில டெபாசிட் நிதியில பணம் இல்லன்னா அரசாங்கம் கையில இருந்து கட்டணும்னு விதியில இல்ல. ஆனா அவசர சட்டத்துல டெபாசிட் போட்டவங்களுக்கு தான் முதல் உரிமைன்னு எழுதியிருந்தாங்கல்ல, அதனால லேண்ட்ஸ்பாங்கியோட சொத்த வித்து வித்து அந்த முன்னுரிமை பாக்கி முழுசும் 2016 ஜனவரிக்குள்ள அடைஞ்சிடுச்சு. பணம் போச்சுன்னு சொல்றவங்க இந்த கடைசி பகுதிய விட்டுடறாங்க.

கஷ்டத்துல யாரு கை குடுத்தா? ரஷ்யா குடுக்க வந்துச்சுன்னு படிச்சேன்

மொதல்ல யாரு குடுக்கலன்னு பாக்கணும். 2008 செப்டம்பர்ல அமெரிக்க மத்திய வங்கி டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூணுக்கும் டாலர் ஸ்வாப் (சொந்த கரன்சிய குடுத்து டாலர் வாங்கிக்கிற ஏற்பாடு) குடுத்துச்சு, ஐஸ்லாந்து கேட்டும் குடுக்கல. பேங்க் சைஸ் நாட்ட விட பெருசு, குடுத்தா திரும்புமான்னு சந்தேகம். அமெரிக்கா ஐஸ்லாந்துல இருக்குற கெஃப்லாவிக் ராணுவ தளத்துல இருந்து தன் படைய 2006லயே எடுத்துட்டு போயிருந்துச்சு, அந்த வருத்தமும் ஏற்கனவே இருந்துச்சு.

அக்டோபர் 7ம் தேதி மத்திய வங்கி, ரஷ்யா 4 பில்லியன் யூரோ கடன் தருதுன்னு அறிவிச்சுது, கொஞ்ச நேரத்துலயே "பேச்சுவார்த்தை தான் நடக்குது"ன்னு பின்வாங்குச்சு. கடைசி வரைக்கும் ஒரு காசு வரல. ஆனா நேட்டோ நாடு ஒண்ணு மாஸ்கோ கிட்ட கை நீட்டுதுன்னதும் மேற்கு நாடுகளுக்கு தூக்கம் கெட்டுது, அது வேலை செஞ்சுதுன்னு தான் எனக்கு தோணுது. நவம்பர்ல ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) 2.1 பில்லியன் டாலர், நார்டிக் நாடுங்க நாலும் சேந்து சுமார் 2.5 பில்லியன், போலந்து 20 கோடி டாலர். அதுலயும் ஐஸ்சேவ்ல கையெழுத்து போடுங்க, அப்புறம் பாக்கலாம்னு நார்டிக் பணமும் ஐஎம்எஃப் முதல் ரிவ்யூவும் மாசக்கணக்குல இழுத்தடிச்சுது.

எந்த நிபந்தனையும் பேசாம முதல்ல ஓடி வந்தது டென்மார்க் கீழ இருக்குற ஃபேரோ தீவுங்க. அப்ப மொத்தமே 50 ஆயிரம் பேர் இல்ல, அவங்க 30 கோடி டேனிஷ் குரோனே குடுத்தாங்க. ஐஸ்லாந்துக்காரங்க கிட்ட இத பத்தி பேசிப் பாருங்க, இன்னும் மறக்கல.

"பேங்க விழ விட்டாங்க, பேங்கர ஜெயில்ல போட்டாங்க, நாடு பொழச்சுது" அப்படின்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, நிஜமா ப்ரோ?

முக்கா நிஜம். ஜெயில் நிஜம், காப்திங் தலைவர்களுக்கு 2015 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் நாலுல இருந்து அஞ்சரை வருஷம் வரைக்கும் உறுதி பண்ணுச்சு. பிரதமர் ஹார்டே மேலயும் சிறப்பு நீதிமன்றத்துல கேஸ் நடந்துச்சு, 2012ல ஒரே ஒரு குற்றம், அதாவது அமைச்சரவையில இத பத்தி கூட்டம் போட்டு பேசலங்கறது நிரூபணம், தண்டனை எதுவும் இல்ல.

"விழ விட்டாங்க"ங்கறது தான் அரைகுறை. பேங்குங்கள காப்பாத்த ஆசை இல்லாம இல்ல, பத்து மடங்கு ஜிடிபிய காப்பாத்த பணம் எங்க இருக்கு. உள்ளூர் டெபாசிட், உள்ளூர் லோன தனியா வெட்டி புது பேங்க் ஆக்கினாங்க, பாண்ட் (கடன் பத்திரம்) வாங்கின வெளிநாட்டுக்காரங்கள பழைய பேங்கோட விட்டுட்டாங்க. பொழச்சதுல பாதி பங்கு குரோனா விழுந்ததுக்கு, மீனும் அலுமினியமும் வெளிய நல்ல லாபத்துல போச்சு, 2010க்கு அப்புறம் டூரிஸ்ட்டுக்கும் ஊர் சீப்பாச்சு. அந்த பாதிக்கு யாரு காசு குடுத்தான்னா சம்பளக்காரரும் லோன்காரரும். இத ஃபார்வர்ட்ல யாரும் போடறதில்ல.

கேபிடல் கன்ட்ரோல்னா என்ன, எவ்ளோ நாள் இருந்துச்சு?

2008 நவம்பர்ல இருந்து 2017 மார்ச் 14 வரைக்கும். குரோனாவ வித்துட்டு யூரோ வாங்கி வெளிய எடுத்துட்டு போறது தடை. வெளிநாட்டு பயணத்துக்கு கரன்சி வாங்கணும்னா பேங்க்ல டிக்கெட் காட்டணும். முன்னாடி சொன்ன வட்டிக்காக வந்த வெளிநாட்டு பணம் உள்ளயே மாட்டிக்கிச்சு. முதலீடு தடையில்லாம போகணும்ங்கறது தானே பொருளாதாரப் பகுதியோட விதி, எப்படி விட்டாங்கன்னு கேப்பீங்க, கடும் நெருக்கடியில தற்காலிகமா தடுக்கலாம்னு அதே ஒப்பந்தத்துல இடம் இருக்கு, அந்த தற்காலிகம் எட்டு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. 2015ல பழைய பேங்குங்களோட கடன்காரங்க கிட்ட, ஒழுங்கா ஒரு பங்க அரசாங்கத்துக்கு விட்டுக்குடுங்க, இல்ல 39 சதவீதம் வரின்னு சொன்னாங்க, விட்டுக்குடுத்தாங்க.

மீனுக்காக இங்கிலாந்தோட போர் போட்டாங்களாமே, ஆர்மியே இல்லாம எப்படி?

காட் போர்னு பேர், மூணு தடவ: 1958-61, 1972-73, 1975-76. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லைய 12 மைல், அப்புறம் 50, அப்புறம் 200னு நீட்டிக்கிட்டே போச்சு, பிரிட்டிஷ் ட்ராலருங்க (வலை இழுக்குற மீன்பிடி கப்பல்) போக மாட்டோம்னுச்சு. கடலோரக் காவல் படகு ட்ராலர் பின்னாடி போய் வலைய அறுத்து விடும், பிரிட்டன் போர்க்கப்பல அனுப்பும், ரெண்டும் இடிச்சுக்கும். 1976 பிப்ரவரியில தூதரக உறவையே முறிச்சாங்க. ஐஸ்லாந்து கையில இருந்த ஆயுதம் ஒண்ணு தான்: நேட்டோவ விட்டு போயிடுவோம், கெஃப்லாவிக் தளம் இருக்காது. பனிப்போர் காலத்துல சோவியத் நீர்மூழ்கிய கண்காணிக்க அந்த இடம் இல்லாம ஆகாது. ஜூன்ல பிரிட்டன் இறங்கி வந்துச்சு.

இதுக்கும் குரோனாவுக்கும் என்ன சம்பந்தம்னா, அந்த காலத்துல ஏற்றுமதின்னாலே மீன் தான், மீன் இல்லன்னா வெளிநாட்டு கரன்சி இல்ல. 1952ல எல்லைய 4 மைல் ஆக்கினப்பவே பிரிட்டிஷ் துறைமுகங்க ஐஸ்லாந்து மீன இறக்க விடல, உடனே சோவியத் யூனியன் வாங்கிக்க ஆரம்பிச்சுது. நேட்டோவ ஆரம்பிச்ச நாடுகள்ல ஒண்ணு, மீன வித்தது மாஸ்கோவுக்கு. அப்படியே 2015க்கு வாங்க: ரஷ்யா மேல மேற்கு நாடுங்க போட்ட தடைய ஐஸ்லாந்தும் ஆதரிச்சுது, ரஷ்யா ஐஸ்லாந்து மீனுக்கு தடை போட்டுச்சு. மீன்காரங்களுக்கு நல்ல அடி, ஆனாலும் அரசாங்கம் பின்வாங்கல. 2023 ஆகஸ்ட்ல மாஸ்கோ தூதரக வேலையையே நிறுத்தி வச்சுட்டாங்க.

சீனா, இந்தியா கூட உறவு எப்படி?

சீனா 2010 ஜூன்ல 3.5 பில்லியன் யுவானுக்கு கரன்சி ஸ்வாப் ஒப்பந்தம் போட்டுச்சு, காசு பெருசு இல்ல, கஷ்ட காலத்துல யாரோ ஒருத்தர் நம்ம கரன்சிய மதிக்கிறாங்கங்கறது பெருசு. 2014 ஜூலைல சீனாவோட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு, ஐரோப்பாவுல அதுல முதல்ல கையெழுத்து போட்டது ஐஸ்லாந்து தான். யூனியன்ல இருந்திருந்தா தனியா போட்டிருக்க முடியாது.

இந்தியாவோட எஃப்டா நாலு நாடும் சேந்து 2024 மார்ச்ல கையெழுத்து போட்டது 2025 அக்டோபர் 1ல அமலாச்சு. அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்ப 2005ல ஐஸ்லாந்து போயிருக்கார், அப்ப அங்க ஜனாதிபதி மேல சொன்ன அதே கிரிம்சன்.

இவ்ளோ தொல்லைக்கு பேசாம மான்டிநீக்ரோ மாதிரி யூரோவ எடுத்துக்கலாமே? இல்ல கனடா டாலர்?

யாரையும் கேக்காம யூரோவ ஓட விட்டது மான்டிநீக்ரோவும் கொசோவோவும், அவங்க அதுக்கு முன்னாடி ஜெர்மன் மார்க் வச்சிருந்தாங்க, சூழ்நிலை வேற. ஐஸ்லாந்து அத செஞ்சா பிரஸ்ஸல்ஸ் முகம் சுளிக்கும்னு 2008 வாக்குலயே தெளிவா சொல்லிட்டாங்க. அதுவும் போக, அடுத்தவன் கரன்சிய எடுத்துக்கிட்டா பேங்க் தடுமாறும்போது கடன் குடுக்க மத்திய வங்கின்னு ஒண்ணு இருக்காது. 2008ல நடந்தத யோசிச்சா அது சின்ன விஷயம் இல்ல.

கனடா டாலர் பேச்சு 2012ல சூடா ஓடுச்சு. ரெண்டும் குளிர் ஊரு, மீன், இயற்கை வளம்னு சொன்னாங்க. ரெய்க்யவிக்ல இருந்த கனடா தூதர் ஒரு கூட்டத்துல அத பத்தி பேசறதா இருந்துச்சு, கடைசி நேரத்துல ரத்து. ஐஸ்லாந்தோட வியாபாரம் பெரும்பாலும் ஐரோப்பாவோட, கனடாவோட இல்ல, கனடாவோட எண்ணெய் மாகாணம் ஆல்பர்ட்டாவுல எண்ணெய் விலை ஏறினா ரெய்க்யவிக்ல எதுக்கு வட்டி மாறணும்?

சரி டென்மார்க் மாதிரி கரன்சிய வச்சுக்கிட்டே யூரோவோட கட்டிடலாமே?

டென்மார்க் கட்டினது ஐரோப்பிய மத்திய வங்கியோட சேந்து ஒப்பந்தமா. ஒரு யூரோ 7.46 டேனிஷ் குரோனே, மேல கீழ 2.25 சதவீதம் தான், கஷ்டம்னா அந்த பக்கமும் சேந்து நிக்கும். அந்த வசதி யூனியன் உறுப்பினருக்கு மட்டும். ஐஸ்லாந்து தனியா கட்டிப் பாத்தாச்சு, 2001 மார்ச் வரைக்கும் ஒரு வகை கட்டு இருந்துச்சு, தாங்காம விட்டுட்டு பணவீக்க இலக்கு முறைக்கு (ரேட்ட விட்டுட்டு விலைவாசி ஏத்தத்த ஒரு அளவுல வச்சிருக்க பாக்குறது) போனாங்க. 131 ரேட்டோட கதையும் மேல சொல்லியாச்சு. தனி ஆளா கயிறு இழுக்குற போட்டி அது.

இப்ப தான் டூரிஸ்ட் கொட்டுறாங்களே, குரோனா ஸ்ட்ராங்கா ஆகியிருக்கணுமே?

ஆச்சு. 2010ல அஞ்சு லட்சத்துக்கும் கீழ வந்தவங்க சில வருஷத்துல 20 லட்சத்த தாண்டினாங்க, 2016ல குரோனா நல்லா ஏறுச்சு. ஏறினதும் ஊரு காஸ்ட்லி ஆச்சு, மீன்காரங்க லாபம் குறைஞ்சுதுன்னு கத்தினாங்க. 2019 மார்ச்ல வாவ் ஏர்ங்கற சீப் விமான கம்பெனி மூடுச்சு, அடுத்த வருஷம் கொரோனா, டூரிஸ்ட் பூஜ்ஜியம், குரோனா மறுபடி இறக்கம். இப்ப மீன், அலுமினியம், டூரிசம்னு மூணு கால் இருக்கு, மத்திய வங்கி கையிருப்பும் 2008 மாதிரி இல்ல, ஓய்வூதிய நிதிங்க மொத்தமா ஜிடிபிய விட பெருசா வளந்து வெளிநாட்டுலயும் முதலீடு பண்ணி வச்சிருக்கு. அதனால ஆட்டம் குறைஞ்சிருக்கு. ஆனா சந்தை ரொம்ப சின்னது, ஒரு பெரிய ஓய்வூதிய நிதி டாலர் வாங்க ஆரம்பிச்சாலே ரேட் அசையும்.

யூனியன்ல சேர மறுபடி ஓட்டுன்னு நியூஸ் வந்துச்சே, ஓட்டு ஆமான்னு வந்தா குரோனா உடனே போயிடுமா?

உடனே எல்லாம் போகாது. 2009 ஜூலைல, நெருக்கடி சூட்டுல தான் முதல்ல விண்ணப்பம் போட்டாங்க. பேச்சுவார்த்தைய துறை துறையா பிரிச்ச 35 அத்தியாயத்துல 27 தொறந்து, 11 தற்காலிகமா முடிச்சு, மீன் அத்தியாயத்த தொறக்கறதுக்கு முன்னாடியே 2013ல ஆட்சி மாறி பேச்சு நின்னுச்சு, 2015ல எங்கள வேட்பாளர் நாடா கணக்குல எடுக்காதீங்கன்னு கடிதம் குடுத்துட்டாங்க. 2024 டிசம்பர்ல வந்த கிரிஸ்ட்ரூன் ஃப்ரோஸ்தடோட்டிர் கூட்டணி, 2027க்குள்ள மக்கள் ஓட்டு வைப்போம்னு ஒப்பந்தத்துல எழுதுச்சு. அந்த ஓட்டு, பேச்சுவார்த்தைய மறுபடி தொடங்கலாமாங்கறதுக்கு மட்டும். சேரலாமாங்கறதுக்கு பேச்சு முடிஞ்சப்புறம் இன்னொரு ஓட்டு வேணும்.

அதுக்கப்புறம் தான் யூரோ. சேந்த பிறகு டென்மார்க் இருக்குற அந்த ரேட் கட்டுல குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆடாம நிக்கணும், பணவீக்கம், நீண்ட கால வட்டி, பற்றாக்குறை, அரசுக் கடன் எல்லாம் வரம்புக்குள்ள வரணும். குரோயேஷியா 2003ல விண்ணப்பிச்சு, 2013ல சேந்து, 2023ல தான் யூரோ வாங்குச்சு. ஐஸ்லாந்து ஏற்கனவே பாதி சட்டத்த எடுத்தவங்க, அவ்ளோ இழுக்காதுன்னு வச்சாலும், குறியீட்டு லோன் மலை மாதிரி கிடக்குது, பணவீக்கத்த யூரோ நாடுங்க அளவுக்கு இறக்கி அங்கயே நிறுத்தணும். இத எல்லாத்துக்கும் முன்னாடி 200 மைல்ல யாரு எவ்ளோ மீன் பிடிக்கலாம்னு பிரான்ஸும் ஸ்பெயினும் கேக்கும்போது என்ன பதில் சொல்றதுன்னு முடிவு பண்ணணும். அதுவரைக்கும் கையில இருக்குற காட் மீன் காசு செல்லும், பயப்படாம டிக்கெட் போடுங்க.